செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்குப் பழைய கார்கள் இரண்டு திசையிலிருந்து வரும். கோவைப் பக்கமிருந்து நன்றாக ஓடிவந்து, கல்லாறு தாண்டி மலையேறி, பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தியபின் எடுக்க மறுத்தவை ஒரு வகை. ஊட்டியிலோ குன்னூரிலோ இரவெல்லாம் பனியில் நின்று, காலையில் செல்ஃப் மட்டும் முனகிவிட்டு அடங்கியவை இன்னொரு வகை. முதலாவதற்குச் சூடு காரணம், இரண்டாவதற்குக் குளிர். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டரில். இடையில் சாலைத் தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். காலையில் வேர்த்துக்கொண்டு கிளம்பிய கார் மதியத்துக்குள் ஸ்வெட்டர் போடும் ஊருக்குப் போய்விடுகிறது. கார்புரேட்டரும் பாயிண்டும் வைத்த பழைய இன்ஜின் இந்த மாற்றத்தைத் தானாகச் சமாளிக்காது. ஓட்டுகிறவர் சமாளிக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள்.

நான் ஹெல்பராகச் சேர்ந்த காலத்தில் பட்டறை வாசலில் நின்றதெல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும்தான். பத்மினி என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகியும் எங்கள் ஊரில் அது ஃபியட்டாகவே இருந்தது. எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரும். வண்டலூரில் செய்த கார் என்பதால் அதன்மேல் எங்கள் முதலாளிக்குத் தனி வாஞ்சை. அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோடு வந்தது. ஃபியட்டினுடையது 1,089 சிசி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மெல்ல மெல்ல இரண்டையும் ஓரங்கட்டியது. இன்று அந்த மாருதியே பழைய கார். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. ஆனாலும் அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனமில்லாதவர்கள், கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள், பழைய கார் மேல் பித்துப் பிடித்த இளைஞர்கள் என்று இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குறையில் பெரும்பாலும் முதலிடம் ஸ்டார்ட்டிங் டிரபிளுக்கு.

என் முதலாளி வண்டி வந்ததும் பேனட்டைத் திறக்க விடமாட்டார். ஸ்பேனரோடு ஓடினால் திட்டு விழும். முதலில் வண்டிக்காரரை உட்காரவைத்து டீ சொல்லுவார். பிறகு மூன்று கேள்விகள். சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் வந்தது? நிற்பதற்கு முன்னால் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது? கடைசியாக யார் கை வைத்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு யாரும் உடனே உண்மை சொல்லுவதில்லை.

"ஒண்ணுமே பண்லீங்கண்ணா. சும்மா நின்னுட்டிருந்த வண்டிங்க."

"செரிங்க. டீயக் குடிங்க."

பாதி டீ இறங்கியபின் வரும்: "போன வாரம் ஹாரன் மட்டும் மாத்துனமுங்க."

அந்த ஹாரனுக்கு எங்கிருந்து ஒயர் எடுத்தார்கள் என்று பார்த்தால் வேலை முடிந்துவிடும். இக்னிஷன் சுவிட்சின் பின்னால் இருந்த ஒயரை உருவி, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருப்பார்கள். அது கழன்றிருக்கும். எங்கள் தொழிலில் நோய் பார்ப்பதில் பாதி இந்த உரையாடல்தான். இதைச் சுருக்கிவிட்டு நேராகப் பாகங்களை மாற்றப் போகிறவர்தான் வாடிக்கையாளரின் பணத்தைக் கரைக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதா, இல்லையா? முதலில் பிரிக்க வேண்டியது இதை. சுற்றவே இல்லை என்றால் பெட்ரோல், பிளக், கார்புரேட்டர் எதையும் தொடத் தேவையில்லை. ஆனால் செல்ஃபே எடுக்காத வண்டியில் பிளக்கைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுவேன். விளக்கு அப்படியே அணைந்துபோனால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு நன்றாக மங்கி, செல்ஃப் அசையாவிட்டால் மோட்டார் எங்கோ சிக்கியிருக்கிறது. விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை என்றால் கரண்ட் மோட்டாருக்கே போகவில்லை. சுவிட்சையோ சாலினாய்டையோ பார்க்க வேண்டும். இதற்கு மீட்டர் வேண்டாம், எதிரே ஒரு சுவர் இருந்தால் போதும்.

பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன் டெர்மினலைச் சந்தேகப்பட வேண்டும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆபத்தானது பூக்காமல், வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே கறுத்துப்போனது. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதன்மேல் மாட்டியிருக்கும் கிளாம்பிலும் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒட்டியிருப்பவை, இடையில் எதுவும் காட்டக் கூடாது. அரை வோல்ட் காட்டினால் அங்கேதான் திருட்டு. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2க்கு வந்தால் பாதி காலி. ஆனால் ஓய்வில் காட்டும் எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுகிறதா என்பதுதான் பேட்டரியின் உண்மையான சோதனை. வெந்நீரில் சமையல் சோடா கலந்து டெர்மினலைக் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவியதோடு ஓடிப்போன வண்டிகளின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர், புதுப் பேட்டரி வாங்கும் பணத்தோடு வந்தவர்கள்.

எர்த்தைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து ஒரு ஃபியட் வந்தது. செல்ஃப் மிக மெதுவாகச் சுற்றும். சுற்றும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாடை. ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எங்கோ மதிப்பீடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்டிக்காரர் வயதானவர், ரிட்டையர்டு ஆசிரியர். ஒரு முறை செல்ஃப் அடிக்கச் சொல்லி சோக் ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது இன்ஜினிலிருந்து பாடிக்குத் திரும்பி வருவதற்கு ஒரு தடித்த பட்டை உண்டு. அந்தப் பட்டை இல்லாவிட்டால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைத்த வழியில் போகும். இந்த வண்டியில் சோக் ஒயர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. "கிளட்ச் வேலை எப்பங்க பாத்தீங்க?" என்று கேட்டேன். ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். கிளட்ச் வேலை நடந்ததை அவர் சொல்லவே இல்லை. கியர்பாக்ஸை இறக்கியவர்கள் மாட்டும்போது எர்த் பட்டையை விட்டுவிட்டார்கள். ஒரு பழைய பட்டையைச் சுரண்டி மாட்டினேன். ஒயரிங் அப்படியே இருந்தது.

செல்ஃப் சிக்கிக்கொள்வது பழைய அம்பாசடரின் தனி வியாதி. அந்த மோட்டாரில் பல்சக்கரம் சுழற்சி வேகத்திலேயே முன்னால் பாய்ந்து ஃபிளைவீலைப் பிடிக்கும். பல் தேய்ந்திருந்தால் பிடித்த பிடியை விடாது. சாவியை ஆஃப் செய்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'ணங்' என்று விடுபடும். டாக்சி டிரைவர்கள் இதற்குப் பட்டறைக்கே வரமாட்டார்கள், ஸ்டாண்டிலேயே நாலு பேர் சேர்ந்து ஆட்டிவிடுவார்கள். ஆட்ட இடமில்லாத இடத்தில் மோட்டாரின் பின்முனையில் மூடிக்குள் இருக்கும் சதுரத் தண்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம்.

இனி செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். தேவை மூன்று: தீப்பொறி, பெட்ரோல், அழுத்தம். மூன்றும் சரியான நேரத்தில் வர வேண்டும். நான் எப்போதும் தீப்பொறியில் தொடங்குவேன். பார்க்கச் சுலபம் என்பதுதான் காரணம். காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டர் மூடிக்கு வரும் தடித்த ஒயரைக் கழற்றி, ரப்பர் உறை போட்ட கொறட்டால் பிடித்து, இன்ஜின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யக் கூடாது. நீலமாக, தடிமனாக, 'சட் சட்' என்று குதித்தால் நல்ல பொறி. மஞ்சளும் சிவப்புமாக மெலிந்து வந்தால் கண்டன்சரையும் பாயிண்டையும் பார். காயிலிலிருந்து நல்ல பொறி வந்து பிளக்குக்கு வரவில்லை என்றால், இடையில் இருப்பது ரோட்டாரும் மூடியும் ஒயர்களும்தான். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தாலே எடுத்துவிடும். துடைத்தும் எடுக்கவில்லையா? மூடியின் உள்பக்கம் பென்சிலால் கிழித்ததைப்போல மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். விரிசல் வழியே பொறி ஓடி எரித்த தடம் அது. தேய்த்தாலும் போகாது, மூடியைத்தான் மாற்ற வேண்டும்.

பாயிண்ட் இடைவெளி அம்பாசடருக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத நடுவழியில் ஒரு விசிட்டிங் கார்டு அதற்கு ஈடாக நிற்கும். பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் வந்தால் கண்டன்சர் சரியில்லை. பாயிண்டைத் தேய்த்துவிட்டு கண்டன்சரை அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் மறுபடி குழி விழும். உப்புத்தாளால் தேய்த்தவர்கள், தேய்த்த தூளைத் துடைக்காமல் விடுவதும் உண்டு. அந்த மணல் துகள் ஒன்று நடுவில் உட்கார்ந்தால் பொறி வராது. பட்டறையில் தேய்த்து அனுப்பிய வண்டி மறுநாளே நின்றது என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தத் தூளைத்தான்.

என் கைக்கு வந்த வழக்குகளில் எனக்குப் பிடித்தது குன்னூர் டாக்டர் ஒருவருடைய அம்பாசடர். ஓடிக்கொண்டே இருக்கும்போது பட்டென்று நின்றுவிடும். சில நேரம் உடனே எடுக்கும். சில நேரம் அரைமணி செல்ஃப் அடித்தாலும் எடுக்காது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் முதல் திருப்பிலேயே எடுக்கும்; எங்களைக் கேலி செய்வதுபோல் ஓடும். காயில் மாற்றியிருந்தார்கள், கண்டன்சர் மாற்றியிருந்தார்கள், பெட்ரோல் பம்ப் புதிது, கார்புரேட்டரை வேறு கழுவியிருந்தார்கள். டாக்டர் நொந்துபோயிருந்தார்.

"எங்கெங்க நிக்குதுங்க சார்? ஏத்தத்துலயா, எறக்கத்துலயா?"

"அதுதான் ஆச்சரியம். காட் ரோடு ஏறும்போது ஒரு நாளும் நின்னதில்ல. வெலிங்டன் பக்கம் சமமா, மெதுவா போகும்போதுதான் நிக்கும்."

இந்த ஒரு பதிலில் பெட்ரோல் விடுதலையாகிவிட்டது. பெட்ரோல் போதவில்லை என்றால் ஏற்றத்தில், முழு மிதியில், முதலில் மூச்சு முட்டியிருக்கும். லேசான மிதியில் மட்டும் நடக்கிற காரியம் என்ன? வேக்குவம் அட்வான்ஸ். கார்புரேட்டரிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்திருக்கும்போது அதில் உறிஞ்சல் அதிகம். முழுதும் மிதித்தால் உறிஞ்சல் இருக்காது. உறிஞ்சும்போது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும், பொறி சற்று முன்னதாக விழும். இன்ஜினை ஓடவிட்டு, அந்தக் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். நல்ல வண்டியானால் இன்ஜின் வேகம் கொஞ்சம் கூட வேண்டும். இது பொசுக்கென்று நின்றது. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூடியைக் கழற்றி, பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்தினேன். காயிலின் டிஸ்டிரிபியூட்டர் பக்கத்து முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப். பாயிண்ட் மூடியிருந்தால் விளக்கு எரியக் கூடாது. எரியவில்லை. பாயிண்டுக்கு வரும் குட்டி ஒயரை மட்டும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் அசைத்தேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. தட்டு திரும்பும்போது இழுபட்டு விலகும். வண்டி நின்று தட்டு பழைய இடத்துக்கு வந்தால் தொட்டாலும் தொடும், தொடாமலும் போகும். அதனால்தான் சில நேரம் எடுத்தது, சில நேரம் எடுக்கவில்லை. ஒயர் ஒரு விரல் நீளம்கூட இல்லை. சாதாரண ஒயரைப் போட்டால் மறுபடி அறும், இழை மெலிந்து வளைந்துகொடுக்கும் ஒயராக வேண்டும். பழைய டிஸ்டிரிபியூட்டர் ஒன்றிலிருந்து எடுத்துப் பற்றவைத்தேன். காயில் மாற்றியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் எடுத்துவிடுகிற வண்டியில் எதைச் சோதிப்பது? ஆனால் 'எங்கே நிற்கிறது' என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முதல் நாளே சொல்லியிருப்பார்.

பர்லியாரிலிருந்து வரும் போன்களுக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை தப்பாது. நன்றாகத்தான் ஏறி வந்தது, பத்து நிமிஷம் நிறுத்தினோம், இப்போது எடுக்கவில்லை. ஓடும்போது காற்றும் தண்ணீர்ச் சுற்றும் இன்ஜினைக் காக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜின் இரும்பின் சூடு முழுதும் பேனட்டுக்குள் எழும்பும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம். அதற்குப்பின் நடப்பது இரண்டில் ஒன்று. பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பம்ப் ஆவியைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. இதைத்தான் ஏர்லாக் என்கிறோம். அல்லது, கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்து இன்ஜின் மூழ்கிவிடும். ஒன்றில் பெட்ரோலே இல்லை. மற்றதில் அளவுக்கு மேல். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் நேர் எதிர்.

போனிலேயே கேட்பேன்: "பெட்ரோல் வாசம் வருதுங்களா?" வந்தால், சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுவேன். காற்று நிறைய உள்ளே போய், வழிந்த பெட்ரோல் வெளியேறிவிடும். மிதித்து மிதித்து விடக் கூடாது. சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே ஒரு பீச்சு பெட்ரோல் பாயும். எஸ்.யு. கார்புரேட்டரில் அந்தப் பீச்சு கிடையாது. அதில் எத்தனை மிதித்தாலும் காலுக்குத்தான் வலி. வாசமே இல்லை என்றால் ஏர்லாக். துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேலும் குழாயின் மேலும் போட்டுக் கால்மணி நேரம் விடவேண்டும். பழைய ஃபியட்காரர்கள் டிக்கியில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தது இதற்குத்தான். சிலர் ஈரத்துணியை முன்னாலேயே பம்பில் சுற்றிக்கொண்டுதான் கல்லாறு தாண்டுவார்கள். படித்த பொறியாளர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, இதில் சிரிக்க எதுவும் இல்லை. ஆனால் எல்லா வண்டியும் பர்லியாரில் நிற்பதில்லை. திரும்பத் திரும்ப நிற்கும் வண்டியில் குழாய் சைலன்சர் பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது பம்பின் டயாஃபிரம் தளர்ந்திருக்கும். ஈரத்துணி அவசரத்துக்கு, நிரந்தரத்துக்கு அல்ல. டயாஃபிரம் கிழிந்தால் இன்னொரு ஆபத்து: பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்து அளவு கூடியிருந்தால், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

டேங்க் மூடி சமாசாரம் சின்னது. மூடியில் காற்று போக ஒரு சிறு துளை இருக்க வேண்டும். வேறு வண்டியின் மூடியை மாட்டினால், அல்லது துளை தூசியால் அடைத்தால், கொஞ்ச தூரம் போனதும் வண்டி நிற்கும்; காத்திருந்தால் எடுக்கும். நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் நோய் அதுவே.

இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதக் கலப்பு 2023இல் தொடங்கிப் பரவிவிட்டது. நாற்பது வருஷத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை: ஹோஸ் உப்பிப் பிசுபிசுக்கிறது, டயாஃபிரம் விறைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், துரு பிடிக்கும், அந்தத் துரு கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். பழைய கார் வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் ஹோஸுக்கு மாறுவது நல்லது. பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருப்பதால் பயனில்லை, பங்கில் கிடைப்பது அதுதான்.

ஊட்டிக் குளிரில் நிலைமை வேறு. ஆயில் கெட்டியாகி இன்ஜின் கனக்கும், பேட்டரியின் தெம்பும் குறையும். இரண்டும் ஒரே காலையில் வருவதுதான் கொடுமை. சமவெளியில் ஒப்பேறிய பேட்டரி டிசம்பர் உறைபனியில் கையை விரித்துவிடும். சோக் முழுதும் இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். இடையில் பேட்டரிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டும். எடுத்தவுடன் சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ள மறப்பவர்கள்தான் மதியம் கறுத்த பிளக்கோடு வருகிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு; காற்று குறைந்தால் அதே பெட்ரோல் அளவுக்கு அதிகமாகிவிடும். ஊட்டிக்காரர்கள் அதற்கேற்ப ட்யூன் செய்து வைத்திருப்பார்கள். அதே வண்டி கோவைக்கு இறங்கினால் பெட்ரோல் போதாமல் இருமும்.

பழைய வண்டிகளில் ஹேண்டில் உண்டு. பேட்டரி செத்தாலும் கையால் சுற்றி எடுக்கலாம். எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துப் பிடிப்பது. டைமிங் முன்னேறியிருந்தால் இன்ஜின் எதிர்த்து உதைக்கும். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கிப் பிடித்திருந்தால் எலும்பு போய்விடும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதென்றால் செகண்ட் கியர், ஃபர்ஸ்ட் வேண்டாம். ஆனால் பேட்டரி அறவே காலியான வண்டியைத் தள்ளிப் பயனில்லை. காயிலுக்குக் கொஞ்சமாவது கரண்ட் இருந்தால்தான் பொறி வரும்.

மாருதி 800க்கு ஹேண்டில் கிடையாது. அதில் ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் 'விர்' என்று சுற்றினால் காது கொடுத்துக் கேளுங்கள், அழுத்தம் போய்விட்டது. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்துப் பார்த்தால், ரோட்டார் அசையாமல் நிற்கும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. அதற்குமேல் செல்ஃப் அடிக்கக் கூடாது.

உதிரிப் பாகத்தின் தரம் முன்போல் இல்லை என்று சொன்னால் கிழவன் புலம்பல் என்பார்கள். கண்டன்சர் விஷயத்தில் இது புலம்பல் அல்ல. 0.2 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய சின்ன டப்பா, பெட்டியைப் பிரித்த அன்றே செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதிது என்பதால் அதைச் சந்தேகிக்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றுவார்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டன்சரைக் கழற்றினால் நான் தூக்கிப்போடுவதில்லை. தகர டப்பாவில் பேர் எழுதி வைத்திருக்கிறேன். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடுகிறவர்களை நான் தடுப்பதில்லை. தினமும் ஓடும் வண்டிக்கு அது வசதிதான். ஆனால் பர்லியாரில் அது நின்றால் விசிட்டிங் கார்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். பழைய பாயிண்ட் தட்டை முழுதாக டிக்கியில் போட்டுவைக்கச் சொல்லி அனுப்புவேன்.

புது வண்டிக்கு ஸ்கேனர் மாட்டும் பையன்கள் என் பட்டறையிலும் இருக்கிறார்கள். ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டும், அந்தப் பாகத்தை மாற்றுவார்கள், பல நேரம் சரியாகவும் ஆகும். அவர்களிடமும் நான் சொல்வது, வண்டிக்காரரிடம் பேசிவிட்டு மாட்டுங்கள் என்பதுதான்.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது 'ஸ்டார்ட் ஆகல' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். செல்ஃப் சுற்றுகிறதா, சூடாக இருக்கும்போதா ஆறியபின்னா, பெட்ரோல் வாசம் வருகிறதா, கடைசியாக எந்த வேலை செய்தீர்கள், ஹாரன் மாற்றியது உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பழைய அம்பாசடரின் பெட்ரோல் முள்ளை நம்பி என்னைப் பர்லியார்வரை வரவழைத்தவர்கள் நிறையப் பேர்.